நானூறு லிட்டர் முட்டை

அத்தியாயம் 7

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் பத்து லிட்டர் முட்டை காணாமல் போனது.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் துப்பறிகிறவர்கள். திருட்டுக்கு இதைவிட மரியாதை குறைவான வரவேற்பு இருக்க முடியாது.

எருமப்பட்டியைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் இருக்கிறது தங்கசாமியின் முட்டைப் பவுடர் ஆலை. விடியற்காலையில் பண்ணை லாரிகள் வந்து நிற்கும். நாற்பது பெண்கள் தட்டுத் தட்டாக முட்டைகளை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அது ஓட்டை உடைத்து, கருவையும் வெள்ளையையும் ஒன்றாகக் கலந்து, குழாய் வழியாக மூன்றாம் நம்பர் தொட்டிக்கு அனுப்பும். அங்கே ஒன்றரை மணி நேரம் குளிரில் கிடந்துவிட்டு, பதினொன்றரைக்கு டிரையருக்குள் போய்ப் பவுடராகி, கப்பல் ஏறி, நமக்குப் பெயர் வாயில் நுழையாத ஊர்களில் கேக்காக மறுபிறவி எடுக்கும்.

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல, மூடியில் ஒரு சென்சார். டார்ச் லைட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போல இருக்கும். கீழே ஓர் ஒலியை அனுப்பும். அது மோதித் திரும்பி வரும் நேரத்தை வைத்து, முட்டைக் கூழ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும். அதைச் சுவரில் மாட்டியிருக்கும் திரையில் லிட்டராகக் காட்டும்.

அந்தத் திரைதான் ஒன்பது நாளாக ஒரே கதையைச் சொல்கிறது. பத்து மணிக்குத் தொட்டி நிறைந்து வால்வுகளை மூடும்போது 8,000. பதினொன்றரைக்கு 7,600. நடுவில் யாரும் எதையும் திறக்கவில்லை. லிட்டருக்கு இருபது முட்டை என்று வைத்தாலும், தினமும் எட்டாயிரம் முட்டை கால் முளைத்து நடந்து போயிருக்கிறது.

அந்த ஒன்றரை மணி நேரமும் தொட்டிக்குக் காவலாக இருப்பவள் பேனல் ஆபரேட்டர் மயிலம்மாள். பதினோரு வருட சர்வீஸ். நேற்று மதியம் தங்கசாமி அவளை நாற்பது பெண்களுக்கு நடுவில் நிற்க வைத்து, "முட்டைத் திருடி" என்று சொல்லிவிட்டார். போலீசுக்கு எழுதிய புகார் அவர் சட்டைப் பையில் மடங்கி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷன். அதற்கு முன்னால் பக்காவாக ஒரு சாட்சி வேண்டும் என்றுதான் சேலத்திலிருந்து ஷாஹிஸ்தாவை வரவழைத்திருந்தார்.

ஷாஹிஸ்தா வழக்கமாகக் கண்டுபிடிப்பது மாப்பிள்ளைகளின் உண்மையான வயதை. உதவியாளன் தமிழரசு வழக்கமாகக் கண்டுபிடிப்பது பக்கத்து டீக்கடையை. முட்டை இருவருக்கும் புதிது.

"யாரும் நகரக் கூடாது," என்று ஷாஹிஸ்தா முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே மயிலம்மாள் பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தங்கசாமி தொட்டியின் அடிவால்வை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார், கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடிப்பது போல. சென்சார் பராமரிக்கும் காண்ட்ராக்ட் கம்பெனிக்காரன் சித்தார்த், தலையில் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை சகிதம் ஏணியடியில் நின்றான்.

திரையில் 7,990 என்பது 7,980 ஆனது.

"பாத்தீங்களா அம்மணி!" தங்கசாமி கத்தினார். "என்ற கண்ணு முன்னாலயே திருடறா!"

எல்லோரும் மயிலம்மாளைப் பார்த்தார்கள். அவள் கையைக்கூட எடுக்கவில்லை. மூக்கு அரித்திருக்கும் போல, அதையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்றான் தமிழரசு அடங்கிய குரலில், "கோழியும் உக்காந்துகிட்டேதான் வேலை பாக்குது. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு. இவங்க எட்டாயிரம்."

"வாயை மூடிக்கிட்டு மேலே ஏறு, அரசு."

"மேலேன்னா?"

ஷாஹிஸ்தா ஏணியைக் காட்டினாள். பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு ஏணி, பன்னிரண்டு அடி.

"எதுக்குங்க சிரமம்?" சித்தார்த் குறுக்கே வந்தான். "சென்சாரெல்லாம் பக்காவா இருக்குதுங்க. வாராவாரம் மேல ஏறி, மூஞ்சியத் தொடச்சு, அளவு பாத்துக் கையெழுத்துப் போடறனுங்க. கார்டு இருக்குது பாருங்க." ஏணியில் ஒரு அட்டை தொங்கியது. தேதி, 'சுத்தம் செய்யப்பட்டது', கையெழுத்து; தேதி, 'சுத்தம் செய்யப்பட்டது', கையெழுத்து. பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாதவன்தான் இவ்வளவு அழகான கையெழுத்து வைத்திருப்பான் என்று தமிழரசுக்குத் தோன்றியது. அவனுடைய கையெழுத்தும் அழகானது.

அவன் ஏறினான். மூடி பூட்டியிருந்தது, சாவி ஷாஹிஸ்தாவிடம் இருந்தது; சீல் உடையவில்லை. ஓரத்தில் பளபளவென்று ஒரு புதுக் குழாய் உள்ளே இறங்கியது. சென்சாரின் தலையில் ஒரு குளவி கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வேறு விசேஷம் எதுவும் இல்லை. இறங்கும்போதுதான் அவன் பார்வை காலடியில் விழுந்தது.

கீழே வந்து ஷாஹிஸ்தாவின் காதருகே சொன்னான்: "மேடம், கீழ்ப்படி ரெண்டும் பெயிண்ட் தேஞ்சு இரும்பு தெரியுது. மூணாவது படியிலேருந்து உச்சி வரைக்கும் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. இப்ப நான் வெச்ச கால்தான் முதல் கால்."

ஷாஹிஸ்தா தங்கசாமியிடம் திரும்பினாள். "ஏணிக்கு எப்பங்க பெயிண்ட் அடிச்சீங்க?"

"அது ஆச்சுங்க, ஒரு பத்து நாளு."

"இந்தப் பத்து நாள்ல கார்டுல ரெண்டு கையெழுத்து இருக்கு. தம்பி எந்த வழியா மேலே போனாரு? பறந்தா?"

சித்தார்த்தின் ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து ஒரு வியர்வைக் கோடு இறங்கியது. தங்கசாமி வால்வை விட்டார்.

"அட, நீயுங் கூட்டாடா? ரெண்டு பேருஞ் சேந்துதான் திங்கறீங்களா?"

"இல்லீங் முதலாளி! சத்தியமா இல்லீங்!" சித்தார்த் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். "எனக்கு... ஒசரம்னா ஆகாதுங்க. ரெண்டாவது படிக்கு மேல போனா தல கிறுகிறுங்குதுங்க."

திரை 7,900-க்கு வந்தது.

"சென்சாரெல்லாம் எங்கேப்பா இருக்கும்?" என்று கேட்டான் தமிழரசு, மிகுந்த அன்போடு.

"தொட்டிக்கு மேலதானுங்க."

"எல்லா ஊர்லயும்?"

"எல்லா ஊர்லயுந்தானுங்க."

"அப்புறம் எப்படி இந்த வேலையில சேர்ந்தே?"

"இன்டர்வியூ தரைத் தளத்துல வெச்சாங்க."

தமிழரசுக்கு அவன்மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. அதோடு வழக்கும் முடிந்துவிட்டதாக அவன் முடிவு செய்தான். "தெளிவா இருக்கு மேடம். துடைக்காத சென்சார். மேல குளவி குடித்தனம், கீழ முட்டைக் கறை. கண்ணு தெரியாம கண்டபடி சொல்லுது. தொட்டியிலேருந்து ஒரு சொட்டும் போகலை. வாங்க, நாமக்கல்ல நல்ல ஓட்டலாப் பாத்து..."

"அழுக்குக்குப் பத்து மணிக்கு டியூட்டி, பதினொன்றரைக்கு ஷிப்ட் முடியுதா?" என்றாள் ஷாஹிஸ்தா. "கண்ணு தெரியாதது கண்டபடிதான் சொல்லும். இது தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே அளவு சொல்லுது. அதோட, டிரையருக்குப் போற குழாயில வேற மீட்டர் இருக்கு இல்லையா? அது என்னங்க காட்டுது?"

"ஏழாயிரத்து அறநூறுங்க," என்றார் தங்கசாமி கடுப்போடு. "அதனாலதானே நாஞ் சொல்றேன். கொறஞ்சது நெசம். தொட்டிக்கு அடியில பைப்பு பொதைச்சிருக்கறா. ஏனுங்க, கடப்பாரைக்குச் சொல்லியுடட்டுங்களா? தரையைப் பேத்துப் போடலாம்."

தமிழரசு அரை மனதாக மயிலம்மாளைப் பார்த்தான். புடவைத் தலைப்பில் மூக்கை ஒரு வழியாகச் சொறிந்துகொண்டிருந்தாள். சுரங்கம் தோண்டுகிறவள் முகமாகத் தெரியவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து எதுவும் சாப்பிடாதவள் முகமாகத் தெரிந்தது.

ஷாஹிஸ்தா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மயிலம்மாளுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட யாரும் ஒண்ணும் கேட்கலைன்னு நினைக்கிறேன்."

"கேட்டாங்களே. எங்க வித்தேன்னு கேட்டாங்க. யாருகிட்டக் குடுத்தேன்னு கேட்டாங்க." மயிலம்மாளின் குரலில் அழுகை இல்லை, அது நேற்றே தீர்ந்திருந்தது. "ஊட்டுக்குப் போனா, எம்மவளும் அதயேதான் கேட்டா. இசுக்கூல்ல புள்ளைங்க சொன்னாங்களாம். அவளுக்கு நாஞ் சொல்றதுக்கு ஒண்ணு ஓணுமுங்க. அதுக்குத்தான் ஓடிப் போகாம இந்தச் சேர்ல உக்காந்திருக்கறேன்."

"நீங்க தினமும் இந்த நம்பரைப் பார்க்கிறவங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

மயிலம்மாள் முதலாளியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஒம்பது நாளா எல்லாரும் நானூறு லிட்டரு எங்க போச்சு, எங்க போச்சுன்னே கேக்கறாங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருத்தருங் கேக்கலீங்."

ஷாஹிஸ்தாவின் முதுகு நிமிர்ந்தது. இந்த நிமிர்வைத் தமிழரசு அறிவான். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பது தெரியும்போது வரும் நிமிர்வு.

"விளக்கமா சொல்லுங்க."

"அதே லாரிங்க, அதே தட்டு. ஒரு தட்டுக் கூடலீங், கொறயலீங். மொதல்லெல்லாம் காலையில வால்வு மூடறப்ப ஏழாயிரத்து அறநூறுதான் காட்டும். பதினொன்றரைக்கும் அதே ஏழாயிரத்து அறநூறு. ஒம்பது நாளாத்தான் காலையில எட்டாயிரங் காட்டுது. அன்னிக்கே முதலாளிகிட்டச் சொன்னனுங்க."

"என்ன சொன்னாரு?"

"ஸ்வீட் குடுத்தாருங்க."

எல்லாத் தலைகளும் தங்கசாமி பக்கம் திரும்பின. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கொஞ்சம் பெருமையும் கலந்த தடவல்.

"அது வேற சமாச்சாரமுங்க அம்மணி. ஈரோட்டுப் பக்கமிருந்து வாஸ்துக்காரர் ஒருத்தரக் கூட்டியாந்தேன். நெம்பக் கெட்டிக்காரர். ஏணிக்குப் பச்ச அடிக்கச் சொன்னாரு. வரவு வர்ற குழாயி ஈசானி மூலையில, மேல இருந்து எறங்கோணும்னாரு. ஏணிப் பெயிண்டு காயலைன்னு சாரங் கட்டி மாத்துனேன். மாத்துன அன்னிக்குக் காலையிலயே நானூறு லிட்டரு கூடிருச்சு! கைமேல பலன். அதப் பாத்துப் பொறுக்காமத்தான் இவ கைய வெச்சுட்டா."

ஷாஹிஸ்தா அண்ணாந்து புதுக் குழாயைப் பார்த்தாள். கூடினால் வாஸ்து, குறைந்தால் மயிலம்மாள். இவ்வளவு ஒழுங்கான கணக்கைக் கலைப்பதற்கு யாருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும்.

"பழைய குழாய் எப்படி இருந்ததுங்க?"

மயிலம்மாள்தான் பதில் சொன்னாள். "தெக்கால பக்கமா உள்ள வந்து, செவுத்த ஒட்டியே அடி வரைக்கும் போவுமுங்க. முட்டை பொட்டாட்டம் எறங்கும், சத்தமே இருக்காது. இப்ப மேலயிருந்து தொப்பு தொப்புன்னு உழுவுது."

"டீ இருக்குங்களா?" என்று கேட்டாள் ஷாஹிஸ்தா.

தங்கசாமியின் மேசைமேல் பிளாஸ்க் இருந்தது. தமிழரசு ஓடிப் போய் எடுத்து வந்தான். அன்றைய வழக்கில் அவனுக்குப் புரிந்த முதல் உத்தரவு அது. ஷாஹிஸ்தா ஒரு டம்ளரில் டீயை வாங்கி, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மற்றொரு கண்ணாடி டம்ளருக்குள் ஒரு முழ நீளத்துக்கு ஆற்றினாள். இரண்டு தடவை, மூன்று தடவை. கடைசியில் விளிம்பு வரைக்கும் நின்ற டம்ளரைத் தங்கசாமியின் கையில் கொடுத்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

"முழு டம்ளருங்க."

"அப்படியே பிடிச்சுக்கங்க. குடிக்கக் கூடாது. உங்களைத் தவிர யாரும் தொடக் கூடாது."

தங்கசாமி பிடித்துக்கொண்டார். நுரைக் குமிழ்கள் ஒன்றையொன்று பார்த்து ஒவ்வொன்றாக உடைந்தன. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஆலை முதலாளி தன் கையிலிருக்கும் டம்ளரையே கண்கொட்டாமல் பார்க்கும் காட்சியை, உள்ளே வந்த சூப்பர்வைசர் ஒருவர் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

"இப்ப எவ்வளவு?"

"முக்கா டம்ளரு."

"கால் டம்ளர் டீயைத் திருடுனது யாருங்க?"

தங்கசாமி டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஓட்டை இல்லை.

"சென்சாருக்கு முட்டை தெரியாது, நுரை தெரியாது," என்றாள் ஷாஹிஸ்தா. "கீழே எது முதல்ல தட்டுப்படுதோ, அதுதான் மட்டம்னு சொல்லும். மேலேருந்து எட்டடி ஆழத்துக்கு முட்டையைக் கொட்டுனா நுரை கட்டும். அந்த நுரையோட தலையைப் பார்த்துட்டு எட்டாயிரம்னு சொல்லியிருக்கு. ஒன்றரை மணி நேரத்துல நுரை அடங்குது. நிஜமான மட்டத்தைச் சொல்லுது. கூடுனதும் இல்லை, குறைஞ்சதும் இல்லை. உங்க வாஸ்து நுரை அடிச்சுது. அது அடங்குனதுக்கு இந்தம்மா திருடி."

சித்தார்த் முணுமுணுத்தான்: "அப்ப சென்சார் பக்காதானுங்களே. நாஞ் சொன்னது சரிதானுங்களே."

"சென்சார் சரிதான், நீதான் சரியில்லை," என்றான் தமிழரசு. "மேலே ஏறி மூடியைத் திறந்திருந்தா முதல் வாரமே நுரை தெரிஞ்சிருக்கும்."

"நான் நம்ப மாட்டேன்," என்றார் தங்கசாமி. டீயை வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தார். "என்ற கண்ணால பாக்கோணும். சாவியக் குடுங்க அம்மணி."

"நில்லுங்க முதலாளி."

மயிலம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் குரலில் ஆபரேட்டர் தோரணை வந்தது.

"தொறந்த தொட்டிக்கு மேல போறவங்க பையில ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. பேனா, போனு, காயிதம், எதா இருந்தாலும். உள்ள உழுந்துச்சுன்னா ஒரு தொட்டி முட்டையுங் கீழ போவும். நீங்க போட்ட ரூலுங்க."

தங்கசாமி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். போனை எடுத்தார். பிறகு அந்த மடித்த காகிதத்தை எடுத்தார். வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டியிருந்தாள். வேறு யாரும் கையை நீட்டவில்லை. ஷாஹிஸ்தா கூரையை ஆராய்ந்தாள். தமிழரசு டீயை ஆராய்ந்தான். இப்போது குடிக்கத் தடை இல்லை.

மயிலம்மாள் பெயரில் எழுதிய புகார் மயிலம்மாளின் கைக்குப் போனது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

மேலே மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க தெரியுது?" தமிழரசு கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

தொட்டிக்குள்ளிருந்து எதிரொலியோடு பதில் வந்தது. "கெரகம்... பஞ்சு மெத்தையாட்ட இருக்குது. ஓரத்துலெல்லாம் நுரை எறங்குன கோடு..." பிறகு, தனக்குத்தானே சொல்வது போல: "ஒம்பது நாளு."

அவர் இறங்கி வந்தபோது திரை 7,640-ஐக் காட்டியது. மயிலம்மாள் பேனாவையும் போனையும் காகிதத்தையும் நீட்டினாள். "இந்தாங்க, உங்க சாமானுங்க."

தங்கசாமி காகிதத்தை நாலாகக் கிழித்தார். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் அதே பையில் போட்டுக்கொண்டார்.

"மயிலு, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. நாளைக்கே குழாய மாத்திப்புடறேன். நீ பாட்டுக்கு சோலியப் பாரு."

"இங்க நின்னு சொன்னா ஆச்சுங்களா?" என்றாள் அவள். "நேத்து எங்க நிக்க வெச்சுச் சொன்னீங்களோ, அங்க வந்து சொல்லுங்க. எம்மவளுக்கு அங்கிருந்துதான் சேதி போச்சு. இதும் அங்கிருந்தே போவட்டும்."

தங்கசாமி ஷாஹிஸ்தாவைப் பார்த்தார். நான் வரவழைத்த ஆள்தானே நீ, என்றது அந்தப் பார்வை. ஷாஹிஸ்தா கையைக் கூடத்தின் பக்கம் நீட்டி அவருக்கு வழி காட்டினாள்.

முட்டை உடைக்கும் கூடத்தில் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு கூடினார்கள். தங்கசாமி தொண்டையைச் செருமினார்.

"முட்டைய யாருந் திருடலை. மயிலம்மா மேல ஒரு தப்பும் இல்லை. போயி அவங்கவங்க சோலியப் பாருங்க."

யாரும் போகவில்லை. முன்வரிசையில் நின்ற சென்னியம்மாள், நேற்று மயிலம்மாளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள், கேட்டாள்: "அப்ப எட்டாயிரம் முட்ட எங்கீங் போச்சு?"

"எங்கயும் போகலை."

"போகலைன்னா எங்கீங் இருக்குது?"

"இல்லவே இல்லை சாமி! அது... நுரை."

"எந்த நுரைங்?"

தங்கசாமி மயிலம்மாளைப் பார்த்தார். அவள் உதவ வரவில்லை. நேற்று அவளுக்கும் யாரும் வரவில்லை. எனவே ஆலை முதலாளி, ஈசானி மூலையில் ஆரம்பித்து, பச்சை ஏணி வழியாக, தொப்பு தொப்பென்று விழும் முட்டை வரைக்கும் முழுக்கதையையும் தன் வாயாலேயே சொல்லி முடித்தார். ஸ்வீட் கொடுத்ததை விட்டுவிட்டார். கூட்டத்தில் ஒருத்தி அதையும் ஞாபகப்படுத்தினாள்.

முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோது, கூடம் முழுக்கத் தகரக் கூரை அதிர்ந்தது. சென்னியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டே வந்து மயிலம்மாளின் கையைப் பிடித்தாள். "சாயந்தரம் நா உன்ற ஊட்டுக்கு வாரேன். புள்ளகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா இந்தளவுக்கு நல்லா வராது."

மயிலம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்க வந்ததை உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டது தமிழரசுக்குத் தெரிந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தெட்டு.

"தள்ளி நில்லுங்க முதலாளி," என்றாள், கையுறையை இழுத்து மாட்டியபடி. "டிரையருக்கு முட்டைய உடோணும்."